பிரித்துப் பூட்டத் தெரிந்த கை

(குரும்பலூரில் பொதுமக்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஒரு பழைய புல்லட்டின் என்ஜினையும் கியர்பாக்ஸையும் வீட்டிலேயே பிரித்து, சரிசெய்து, மறுபடி பூட்டுவது. இதற்கு ஒரு மேடை எதற்கு, ஒரு சொற்பொழிவு எதற்கு என்று யாராவது நினைக்கலாம். நான் கேட்கிறேன். இந்த வட்டாரத்தில் எத்தனை வீட்டு மாட்டுக்கொட்டகையில், தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, அப்பாவின் புல்லட் நிற்கிறது? வெங்காய மூட்டை ஏற்றிய வண்டி, பொண்ணு பார்க்கப் போன வண்டி, பிரசவ வலி எடுத்தபோது பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடிய வண்டி, இன்று டயர் உட்கார்ந்து, கிக்கர் இறுகி நிற்கிறது. "எடைக்குப் போட்டுவிடலாமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் இதுதான்: போடாதீர்கள். பிரியுங்கள். பிரித்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

முதலில் இந்த வண்டி நம்மிடம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ரெடிச் என்றொரு ஊர். அங்கேதான் ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1901ஆம் ஆண்டில் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைக் காவலுக்கு நம் இராணுவம் தேடிய வண்டி, அவர்களுடைய 350 சி.சி. புல்லட். அதை இறக்குமதி செய்து கொடுத்தது சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ். 1955இல் இரண்டு தரப்பும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து உதிரிகள் பெட்டி பெட்டியாக வந்தன; நம் ஆட்கள் பூட்டினார்கள். அப்புறம் அந்த உதிரிகளை வார்க்கும், கடையும் கருவிகளே வந்தன. 1960களின் தொடக்கத்தில் முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே உருவாகத் தொடங்கிவிட்டது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 1967இல் ரெடிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டின் கதையே முடிந்தது. தாய்வீடு இடிந்த பிறகும் திருவொற்றியூரில் விளக்கு எரிந்தது! 1977இல் அந்தப் புல்லட் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனது. எங்கே பிறந்ததோ அங்கேயே, நம் ஊர்த் தொழிலாளி கையால் பூட்டப்பட்டுப் போய் இறங்கியது.

எப்படிப் பிழைத்தது அந்த என்ஜின்? அதைவிட வேகமான வண்டிகள் வந்தன. அதைவிடக் குறைவாகப் பெட்ரோல் குடிக்கும் வண்டிகள் வந்தன. ஆனாலும் அது பிழைத்தது. ஏன்? சாதாரண மனிதன், சாதாரணக் கருவிகளை வைத்துக்கொண்டு, அதைத் திறக்க முடிந்தது. திறந்ததைப் புரிந்துகொள்ள முடிந்தது. புரிந்ததைச் சரிசெய்ய முடிந்தது. திறக்க முடிந்த பொருள்தான் நம் பொருள்! இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். மற்றதெல்லாம் இதற்கான சாட்சியம்.

சரி, பிரிப்போமா?

ஸ்பேனரைத் தொடும் முன் நோட்டை எடுங்கள். வண்டி ஓடும் நிலையில் இருந்தால் ஓட்டிப் பார்த்து எழுதுங்கள். புகை நீலமாக வருகிறதா? எண்ணெய் எரிகிறது. எந்த கியர் தானாக நழுவுகிறது? எங்கே எண்ணெய் ஒழுகுகிறது? சத்தம் மேலேயா, கீழேயா? பிரித்துப் போட்ட என்ஜின் சத்தம் போடாது, நோயைச் சொல்லாது. அதன் வாக்குமூலத்தைப் பிரிப்பதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். அடுத்தது, கழுவுங்கள். வெளியில் ஒட்டிய மண் உள்ளே விழக் கூடாது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தட்டு வையுங்கள். ஹெட்டின் நட்டு ஹெட்டின் தட்டில், கிளட்சின் ஸ்பிரிங் கிளட்சின் தட்டில். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம். நம் தாத்தா காலத்து மெக்கானிக்குக் கிடைக்காத வசதி அது, பயன்படுத்துங்கள்.

இந்த என்ஜினின் அளவைப் பள்ளிப் பிள்ளைகளும் கணக்குப் போடலாம். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 90 மில்லிமீட்டர். வட்டத்தின் பரப்பை அந்தத் தூரத்தால் பெருக்கிப் பாருங்கள், 346 கன சென்டிமீட்டர் வரும். விட்டத்தைவிட ஓட்டம் நீளம். அதனால்தான் அவசரப்படாமல், நின்று நிதானமாக இழுக்கிறது. பின்னால் மூட்டையும் முன்னால் மேடும் இருக்கிற நம் பக்கத்துக்கு ஏற்ற இழுப்பு அது. ஆனால் நிதானம் என்று சொன்னேனே, உள்ளே நடப்பதைப் பாருங்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, அந்தப் பிஸ்டன் ஒரு விநாடிக்கு 9 மீட்டர் போகிறது. ஒரு விநாடிக்குள் 100 முறை நின்று திரும்புகிறது! ஆண்டுக்கணக்கில் இப்படி ஓடிய இரும்பு தேயாமல் என்ன செய்யும்?

இப்போது ஹெட்டைக் கழற்றுகிறோம். நட்டுகளை வரிசையாகக் கழற்றாதீர்கள். குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். இல்லையென்றால் அலுமினிய ஹெட் வளைந்துபோகும். சிலிண்டர் பிளாக்கைத் தூக்கியதும் உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு படி தட்டுப்படும். அந்தப் படிக்கு மேலே ரிங் போனதே இல்லை. கீழே முழுவதும் ரிங் உரசிய இடம். தேய்மானம் மேலேதான் அதிகம் இருக்கும். ஏன்? வெடிப்பின் சூடும் அழுத்தமும் அங்கேதான் உச்சம். எண்ணெய் போய்ச் சேர்வதும் அங்கேதான் குறைவு.

பக்கத்தில் சாத்தனூரில் கல்மரம் இருக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுக்கு முந்தைய மரம். அங்கே கடல் இருந்ததையும், மரம் மண்ணில் புதைந்ததையும் கல்லில் பதிந்த தடம் பார்த்துத்தான் புவியியல் அறிஞர்கள் சொன்னார்கள். சிலிண்டரிலும் தடம் இருக்கிறது, ஐயா! நேர்க்கோடாகக் கீறல் இருந்தால் தூசி புகுந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். பிஸ்டனின் பக்கவாட்டில் அலுமினியம் இழுபட்டிருந்தால் எண்ணெய் இல்லாமல் ஒரு நாள் பிடித்திருக்கிறது. பழைய உதிரியைக் கழற்றியவுடன் குப்பையில் எறியாதீர்கள். என்ன நடந்தது என்று அதனிடம் கேட்டுவிட்டு எறியுங்கள்.

தூசி என்று சொன்னேன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி போகும் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டியவருக்குத் தெரியும், சட்டைக் காலரில் என்ன படிகிறது என்று. ஏர் ஃபில்டர் கிழிந்திருந்தால் அதே தூசி கார்புரேட்டர் வழியாக என்ஜினுக்குள் போகிறது. எண்ணெயோடு குழைந்து சாணைப் பொடி ஆகிறது. என்ஜினுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, ஃபில்டருக்கு யோசிக்கலாமா? யோசிக்கக் கூடாது!

தேய்மானத்தைக் கண்ணால் அளக்க முடியாது. மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசையில், போர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். அந்தக் கருவி வீட்டில் இருக்காது. லேத் பட்டறையில் இருக்கும். இங்கே ஒரு வேண்டுகோள். போரிங் போடுவதற்கு முன் பிஸ்டனை வாங்குங்கள். ஓவர்சைஸ் பிஸ்டன் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, 40 பங்கு, 60 பங்கு என்று படிப்படியாகக் கிடைக்கிறது. எது கையில் வந்ததோ அதை அளந்து, அதற்கு ஏற்பச் சிலிண்டரைக் கடையச் சொல்லுங்கள். ரிங்கை வெறும் சிலிண்டருக்குள் நேராக இறக்கி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். இடைவெளி இல்லாமல் பூட்டினால் சூட்டில் ரிங் விரிந்து, இடம் போதாமல் உடையும்.

வீட்டில் எது முடியும், எது முடியாது என்பதிலும் நேர்மை வேண்டும். வால்வு தேய்ப்பது வீட்டில் முடியும். பேஸ்ட் தடவி, வால்வை முன்னும் பின்னும் உருட்டி, அவ்வப்போது தூக்கி இடம் மாற்றி வைத்து, மறுபடி உருட்டுங்கள். துடைத்துப் பார்த்தால் வால்விலும் சீட்டிலும் அறுபடாத சாம்பல் நிற வளையம் தெரிய வேண்டும். பிறகு வால்வைப் பூட்டி, போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். கசியாவிட்டால் வேலை முடிந்தது. கசிந்தால்? மறுபடி தேயுங்கள். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

கிராங்க் வேறு விஷயம். கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கவே கூடாது. பக்கவாட்டில் சிறிது நகர்வது இயல்பு. மேல்கீழ் ஆட்டம் இருந்தால் பிக் எண்ட் பேரிங் போய்விட்டது. ஃபிளைவீலைப் பிரஸ் வைத்துப் பிரித்து, புதியது போட்டு, லேத்தில் இரண்டு மையத்துக்கு நடுவே சுழலவிட்டு, டயல் கேஜின் முள் ஆடாதபடி நேராக்க வேண்டும். சுத்தியலும் வீரமும் இருந்தால் போதும் என்று இதில் இறங்காதீர்கள். இதைச் செய்கிற கைகள் நம் மாவட்டத்துப் பட்டறைகளிலேயே இருக்கின்றன. திருச்சிக்குப் போனால் இன்னும் இருக்கின்றன. அவர்களிடம் கொடுங்கள்; கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். படித்த பட்டம் சுவரில் தொங்கும். இவர்கள் படிப்போ விரல் நுனியில் இருக்கிறது. அந்த விரலுக்கு மரியாதை செய்யாத ஊர் எந்த இயந்திரத்தையும் காப்பாற்றாது!

அடுத்து எண்ணெய். இந்த என்ஜினில் எண்ணெய்த் தொட்டி கிராங்க் கேஸோடு சேர்ந்தே இருக்கிறது. ஒரு பம்ப் எண்ணெயை உள்ளே அனுப்புகிறது, இன்னொரு பம்ப் திரும்ப அள்ளி எடுக்கிறது. இரண்டையும் ஓட்டுவது கிராங்க் முனையில் இருக்கும் ஒரு புழுப்பல் நட்டு. அந்த நட்டில் கொஞ்சம் நில்லுங்கள். அதன் மரை இடதுமரை. நாம் பழகிய எல்லா நட்டும் எந்தப் பக்கம் கழலுமோ, அதற்கு எதிர்ப்பக்கம்தான் இது கழலும். தெரியாதவர் ஸ்பேனரைப் போட்டு, வராததால் பைப்பைச் செருகி, பலம் கொண்ட மட்டும் இறுக்கிக்கொண்டே இருப்பார். கழற்றுகிறோம் என்று நம்பி இறுக்குவார்! ஒன்று வராவிட்டால் பலத்தைக் கூட்டாதே, முதலில் காரணத்தைத் தேடு என்று அந்தச் சின்ன நட்டு கற்றுக்கொடுக்கிறது. இந்தப் பாடம் என்ஜினோடு நிற்கிற பாடமா?

டைமிங் பக்கப் பல்சக்கரங்களில் அடையாளங்கள் வெட்டியிருப்பார்கள். கிராங்க் பினியனில் இருக்கும் அடையாளமும் இரண்டு கேம் சக்கரங்களின் அடையாளமும் நேருக்கு நேர் சேர வேண்டும். ஒரு பல் தவறினாலும் வால்வு தவறான நேரத்தில் திறக்கும். டேப்பட்டை என்ஜின் ஆறிய பிறகே சரிசெய்ய வேண்டும். இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் புஷ் ராடை விரலால் சுழற்றினால் சுழல வேண்டும். மேலும் கீழும் அசைத்தால் அசையக் கூடாது. இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம், இரண்டு விரல் போதும். அந்தக் காலத்து வடிவமைப்பாளர் எவ்வளவு பெரிய நம்பிக்கையை நம் விரலில் வைத்திருக்கிறார், பார்த்தீர்களா?

இனி கியர்பாக்ஸுக்கு வருவோம். பழைய புல்லட்டில் அது தனிப்பெட்டி. என்ஜினின் முதுகில் ஸ்டட் வைத்து இறுக்கியிருக்கும். ஆல்பியன் வகை, நான்கு கியர். கியர் மிதி வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. அதோடு குதிகாலால் அழுத்த ஒரு தனி லிவர்: இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எதில் இருந்தாலும் ஒரே அழுத்தில் நியூட்ரல்! வெங்காயச் சந்தை நெரிசலில் அந்த லிவரின் அருமை தெரியும்.

உள்ளே மெயின் ஷாஃப்ட் ஒன்று, லே ஷாஃப்ட் ஒன்று. முதல் மூன்று கியரிலும் சுழற்சி மெயின் ஷாஃப்டிலிருந்து கீழே இறங்கி, லே ஷாஃப்ட் வழியாக மறுபடி மேலே ஏறி, ஸ்லீவ் கியருக்குப் போகிறது. நான்காவதில் அந்தச் சுற்றுவழியே இல்லை. மெயின் ஷாஃப்டும் ஸ்லீவ் கியரும் நேரடியாகக் கோத்துக்கொள்கின்றன. டாப் கியரில் சத்தம் குறைந்து வண்டி மிதப்பது அதனால்தான். இது தெரிந்தால் நோயும் தெரியும். டாப்பில் அமைதி, மற்ற கியரில் உறுமல் என்றால் லே ஷாஃப்ட் பக்கம் பாருங்கள். கியர் நழுவினால் பற்களை மட்டும் பார்க்காதீர்கள். சக்கரத்தின் பக்கவாட்டில் ஒன்றையொன்று பிடிக்கும் கட்டிகளின் முனை மழுங்கியிருக்கும், அல்லது ஃபோர்க் தேய்ந்திருக்கும். இரண்டும் நன்றாக இருந்தால், கியர் மிதியின் உள்ளமைப்பைத் தாங்கும் தகடு சற்று நகர்ந்திருக்கலாம். இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, மேல்போக்கும் கீழ்ப்போக்கும் ஒரே அளவு பிடிக்கும் இடத்தில் வைத்து இறுக்கினால் தீரும். காசு செலவில்லாமல் தீர்ந்துவிடும் நோய்க்குக் கியர் செட் முழுவதையும் மாற்றியவர்கள் எத்தனை பேர்!

எல்லாம் பூட்டியாயிற்று. இப்போது உயிர் கொடுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றி, பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரைப் பல முறை மிதியுங்கள். எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகட்டும். சி.பி. பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் இருக்கட்டும். பிளக்கைப் பூட்டி, சாவியைத் திருப்பி, ஆம்ப் மீட்டரைப் பாருங்கள். கிக்கரை மெதுவாக அழுத்தும்போது, இடது பக்கம் சாய்ந்திருக்கும் முள் ஓரிடத்தில் துள்ளி நடுவுக்கு வரும். பாயிண்ட் திறக்கிறது என்று அதற்குப் பொருள். டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, லிவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி, முழு மிதி! ஓடியதும் ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்துங்கள். எண்ணெய் கசிந்தால் பம்ப் வேலை செய்கிறது, இறுக்கிவிடுங்கள். வராவிட்டால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள். முதல் 500 கிலோமீட்டர் விரட்டாதீர்கள், மேட்டில் முக்கவிடாதீர்கள். பிறகு எண்ணெயை மாற்றுங்கள்.

அந்தப் பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ வரப்பிலோ ஊற்றாதீர்கள். கேனில் பிடித்து, கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் கொடுங்கள். பெட்ரோல் வைத்துக் கழுவும் இடத்தில் அடுப்பும் பீடியும் வேண்டாம். வண்டியைக் காப்பாற்றப் போய் வீட்டையும் கிணற்றையும் இழக்கக் கூடாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். 15 ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 50 ஆண்டு கடந்து, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. யோசித்து முடிவு செய்யுங்கள்.

அன்பர்களே, பேச்சை முடிக்கும் முன் ஒரு கேள்வி. இன்று நாம் வாங்கும் பொருள்களில் எத்தனையைத் திறக்க முடிகிறது? போனின் மூடி பசையால் ஒட்டியிருக்கிறது. டிராக்டரில் ஒரு சென்சார் போனால் கம்பெனி ஆள் கணினியோடு வர வேண்டியிருக்கிறது. அவர் வருகிற வரைக்கும் மக்காச்சோளம் காத்திருக்குமா? பழுது பார்க்கும் உரிமை வேண்டும் என்று உலகம் முழுவதும் குரல் எழுந்திருக்கிறது. நம் நாட்டிலும் 2022இல் மத்திய நுகர்வோர் துறை இதற்காகக் குழு அமைத்தது. விவசாயக் கருவி, போன், வீட்டுச் சாதனம், வாகனம் நான்கையும் அது கணக்கில் எடுத்தது. நல்லது. ஆனால் உரிமை காகிதத்தில் வந்து என்ன பயன், பிரித்துப் பூட்டத் தெரிந்த கை ஊரில் இல்லாவிட்டால்?

அந்தக் கை நம்மிடம் இன்னும் இருக்கிறது. ஆனால் நரை விழுந்த கை அது. பழைய இரும்பு என்ஜினின் நுணுக்கம் அறிந்த மெக்கானிக்குகள் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் அறிந்தது எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. ஆகவே மூன்று வேண்டுகோள்.

பெரியவர்களே, உங்களுக்குத் தெரிந்ததை மறைக்காதீர்கள். பக்கத்தில் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் நிறுத்திக்கொண்டு வேலை செய்யுங்கள். பெண்ணுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள்; மரைக்கு ஆண் பெண் தெரியாது.

தம்பி தங்கைகளே, அவர்கள் சொல்வதை எழுதுங்கள். எந்த நட்டு எந்தப் பக்கம், எந்த ஷிம் எந்த இடம், எந்தச் சத்தத்துக்கு எந்தக் காரணம் என்று தமிழில், படம் போட்டு எழுதுங்கள். இந்த ஊர் நூலகத்தில் அப்படி ஒரு நோட்டு இருக்கட்டும்.

வீட்டுக்காரர்களே, இனி எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் விலையை மட்டும் கேட்காதீர்கள். இதைத் திறக்க முடியுமா, உதிரி கிடைக்குமா, எத்தனை வருஷம் கிடைக்கும் என்று கேளுங்கள். கேட்பவர் பெருகினால் செய்பவன் மாறுவான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தத் தார்ப்பாயை எடுங்கள். நோட்டையும் பேனாவையும் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக் ஐயாவுக்கு ஒரு டீ சொல்லுங்கள். பிரியுங்கள், அளந்து பாருங்கள், புரிந்துகொள்ளுங்கள், பூட்டுங்கள். உங்களால் முடியும்!